ஏழுமலைக்கு ஓர் இருக்கை

ஷார்ஜாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்குக் காவலாளி ஏழுமலை. அந்த ஊரில் நாத்தூர் என்பார்கள். கல்வராயன் மலைக்காரர். லிஃப்ட் நின்றுபோன நாட்களில் எங்கள் வீட்டுத் தண்ணீர் கேனைத் தோளில் வைத்து மாடிக்குத் தூக்கி வருவார். பதிலுக்குப் பணம் நீட்டினால் போதும், முகம் தொங்கிவிடும். "துட்டு குடுக்கறதா இருந்தா இனிமே என்ன கூப்டாதீங்கக்கா" என்று விடுவிடுவென்று இறங்கிப் போய்விடுவார்.

இப்படிப்பட்ட ஆளிடம் போய், உன் அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் விமான டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று எப்படிச் சொல்வது? பெண்ணுக்கு அவர் ஒருவர்தான் தாய்மாமன். பொங்கல் முடிந்த கையோடு தையில் கல்யாணம். அந்தச் சமயத்தில் டிக்கெட் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். "எனக்காக நிறுத்தாதீங்க, தேதிய வச்சிக்கங்கன்னு நாந்தான் போன்ல சொன்னேன்க்கா. அவுங்களும் வச்சிட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு, கழுவிய படிக்கட்டையே மறுபடி கழுவ ஆரம்பித்தார். நிறுத்தாதே என்றவரும் அவர்தான், நிறுத்தவில்லையே என்று வெந்துபோனவரும் அவர்தான். அதற்குப் பிறகு ஊர்ப்பேச்சையே எடுப்பதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

என்னிடம் இருந்தது பாயிண்ட். நான் கிளினிக் ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். தினமும் வேலைக்குப் போக டாக்சி ஆப். அந்த ஆப்பும் ஒரு விமான நிறுவனமும் கூட்டாளிகள். ஆப் வழியாகவே பணம் கட்டி ஒரு சவாரி முடிந்தால், விமானக் கணக்கில் கொஞ்சம் பாயிண்ட் ஏறும். பாயிண்ட் சேர்ந்தால் இலவச இருக்கை. "மனுஷங்க கோயிலுக்குப் போய்ப் புண்ணியம் சேக்கறாங்க, நீ டாக்சியில போய் பாயிண்ட் சேக்கறே" என்பார் என் கணவர். சிரிக்கட்டும். நான் சேர்த்தேன்.

ஏழுமலையிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அது துட்டு இல்லீங்களா?"

"துட்டு இல்லப்பா. நான்பாட்டுக்கு வேலைக்குப் போறேன் வர்றேன். அதுபாட்டுக்கு ஒட்டிக்குது."

வெகுநேரம் யோசித்தார். "அப்ப சரி. ஒட்டுனதுல வந்தா வர்றேன். துட்டு போட்டு எடுத்தீங்கன்னு தெரிஞ்சா ஏற மாட்டேன், சொல்லிட்டேன்."

சிக்கல் என்னவென்றால், கொஞ்சம் பாயிண்ட் குறைந்தது. வருடக் கடைசியோடு என் பழைய பாயிண்ட்டெல்லாம் காலாவதி வேறு. டிசம்பர் முடிவதற்குள் குறை நிரம்ப வேண்டும், அதற்குள்ளேயே டிக்கெட்டும் போட்டுவிட வேண்டும். கல்யாண வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் இலவச இருக்கை பச்சை நிறத்தில் காட்டியது. மற்ற நாளெல்லாம் சிவப்பு. நல்லவேளையாக எனக்கு டிசம்பர் கடைசியில் சென்னையில் பல் வைத்தியம் இருந்தது. ஷார்ஜாவில் ஒரு பல்லுக்குக் கேட்கிற காசில் சென்னைக்குப் போய்வந்து வாய் முழுக்கப் பார்த்துக்கொள்ளலாம். அதே ஆப் அங்கேயும் ஓடும். விமான நிலையத்திலிருந்து அண்ணன் வீட்டுக்கு ஒரு சவாரி, பல் டாக்டரிடம் போக ஒன்று, வர ஒன்று. தீர்ந்தது கதை என்று நினைத்தேன்.

என் அண்ணன் மகன் கார்த்திக்கை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கி ஆப்பைத் திறக்கிறேன், "அத்தை!" என்று ஒரு கூவல். கையில் பூங்கொத்து, பின்னால் அவனுடைய புதுக் கார்.

"நான் டாக்சியில வந்துக்கறேன்டா."

"டாக்சியில வர்றதுக்கு நீங்க என்ன அனாதையா? எங்கப்பா என்னை வீட்டுக்குள்ள விடுவாரா?"

பாயிண்ட் என்றெல்லாம் விளக்கிப் பார்த்தேன். அவன் காதில் ஏறவே இல்லை. பெட்டியைப் பிடுங்கி டிக்கியில் போட்டான். மறுநாள் பல் டாக்டரிடமும் அவனே கூட்டிப்போனான், வாசலில் உட்கார்ந்து காத்திருந்து அவனே கூட்டிவந்தான். பல் டாக்டர் இடது பக்கத்தில் பாதி வேலையை முடித்து, "அந்தப் பக்கம் மெல்லாதீங்க, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பினார். அந்தப் பாசக்காரப் பையன் என் பாயிண்ட் அத்தனையையும் முழுங்கிவிட்டான்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. ஏழுமலை என்னிடம் ஒரு பை கொடுத்திருந்தார். அதில் பெண்ணுக்குத் தாய்மாமன் வைக்க வேண்டிய பட்டுப்புடவை. கூடவே பேரீச்சம்பழம், வலித்தைலம், ஒரு டார்ச். தபாலில் அனுப்பத்தான் சொன்னார். நானே கொண்டுபோய்க் கொடுத்தால் கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்கு ஒரு நீண்ட சவாரி கிடைக்கும். அது ஒன்றே குறையை நிரப்பிவிடும். ஏழுமலைக்குப் போன் போட்டு வழி கேட்டேன், அக்காவிடமும் சொல்லிவைக்கிறேன் என்றார். கார்த்திக்குக்குத் தெரியாமல், அவன் ஆபீஸ் போனபிறகு, கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் வேர்க்கடலையை அவித்து எடுத்து வந்திருந்தார். களமருதூரில் அவர் அம்மா வீடாம். பிடிகொள்ளாமல் அள்ளி என் மடியில் போட்டார். வலது பக்கமாகவே மென்று தின்றேன். "இன்னா, பல்லு வலியா? கிராம்ப வச்சி அழுத்துங்க" என்றார். ஷார்ஜா பஸ்ஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இங்கே உளுந்தூர்பேட்டை வருவதற்குள் எனக்கு எத்தனை பிள்ளைகள், ஏன் ஒன்றோடு நிறுத்தினேன், கணவருக்குச் சர்க்கரை உண்டா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று, லாட்ஜ் வரைக்கும் ஆப்பில் வண்டி கேட்டேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எதிரே ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. அதற்குள் ஏற்கெனவே ஒரு குடும்பமும் ஒரு அரிசி மூட்டையும் இருந்தன.

"எங்க போவணும்?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆப்ல வண்டி போட்டிருக்கேன்."

"வண்டி வர்றதுக்குள்ள நடந்தே போயிடுவீங்க. ஏறுங்க, எடம் கீது."

இடம் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏறிவிட்டேன். ராத்திரி சாப்பாடு ஒரு சின்னக் கடையில். பரோட்டாவைக் கண்ணால் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் வருடத்தின் கடைசி நாள். காலையில் போட்டதும், அதிசயமாக, ஒரு வண்டி ஒப்புக்கொண்டது. பெயர் சக்திவேல். கடவுளே என்று கும்பிட்டுக்கொண்டு லாட்ஜ் வாசலில் நின்றேன். வெள்ளைக் கார் வந்தது. நாற்பதைத் தாண்டிய, மீசையை அழகாகக் கத்தரித்த மனிதர். நைனார்பாளையத்துக்காரராம். ஏறிக் கதவைச் சாத்தியதும், "மேடம், ஆப்ல கேன்சல் பண்ணிட்டேன். நிம்மதியா ஒக்காருங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன் கேன்சல் பண்ணீங்க? யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

"எல்லாரும் அப்டிதான் மேடம். கமிஷன் மிச்சம், உங்களுக்கும் கம்மி. கையில குடுத்துடுங்க."

"எனக்குக் கம்மி வேணாம்! எனக்கு ஆப்தான் வேணும். மறுபடியும் போடறேன், எடுங்க."

அவர் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னா மேடம், காலையில மொத சவாரி. நீங்க ஆன்லைன்ல கட்டுனா எங்கையில ஒண்ணும் வராது. போணி எப்டி ஆவும்? மலை ஏறப்போற வண்டி, கையில ஒரு நோட்டு வாங்கி கண்ணுல ஒத்திக்கினு, ஸ்டேரிங்குல தொட்டு வச்சாத்தான் எனக்கு மனசு நிக்கும். நீங்க எவ்ளோ சொன்னாலும் போணிய ஆப்ல பண்ண மாட்டேன்."

கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். வேறு வண்டி தேடினால் அதே வட்டம் சுற்றியது. கடைசியில் ஓர் ஒப்பந்தம். மேலே போவது போணி, கையில் காசு. இறங்குவது ஆப்பில். "சத்தியமா?" என்றேன். "சத்தியமா மேடம்" என்று நான் கொடுத்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஸ்டியரிங்கைத் தொட்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ஷார்ஜாவில் என்னை ஏற்றிப்போகும் டிரைவர்கள் என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே பணம் எங்கேயோ கிளம்பி எங்கேயோ போய்ச் சேரும். யாரும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

கச்சிராயபாளையத்தில் டீக்கு நிறுத்தினார். எதிரே உரக்கடையில் புது வருடத்துத் தினசரி காலண்டர் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சக்திவேல் ஓடிப்போய் ஒன்று வாங்கிவந்து, பிரிக்காமல் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். நாளைக்கு விளக்கேற்றிவிட்டு வீட்டில் மாட்டவாம். நான் செல்போனில் விமானக் காலண்டரைத் திறந்தேன். தையில் இருந்த அந்த ஒரே பச்சை நாளும் சிவந்துவிட்டது.

டீயை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தைத் தள்ளிப் பார்த்தேன். மாசியில் அங்கங்கே பச்சை. யாருக்கு வேண்டும் மாசி? கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கே போய்வந்திருப்பார்கள். புடவைப் பை மடியில் இருந்தது. திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கொடுத்தனுப்பியதையாவது சேர்ப்போம் என்று, "வண்டிய எடுங்க" என்றேன்.

கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம். மார்கழிக் குளிர் கண்ணாடி வழியாக வந்தது. முதல் வளைவில் ஒரு பெரியவர் ஆட்டுக்குட்டியோடு கை காட்டினார். சக்திவேல் நிறுத்தி முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இது நான் பேசின வண்டி இல்லையா?" என்றேன்.

"உங்க வண்டிதான் மேடம். ஆனா மலைக்கிப் போற வண்டி ஆளப் பாத்துட்டு நிறுத்தாம போனா, எறங்கும்போது எந்த மூஞ்சிய வச்சிக்கினு வர்றது?"

ஆட்டுக்குட்டி என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தது. பெரியவர் இறங்கும்போது இரண்டு கொய்யாப்பழம் கொடுத்தார். என் பல்லுக்கு அது ஆகாது. சக்திவேல் இரண்டையும் தின்றார்.

வெள்ளிமலை வரைக்கும் சிக்னல் இருந்தது. அதற்கு அப்பால் மரவள்ளிக் காடுகளுக்கு நடுவில் போகிற பாதையில் என் செல்போனில் சிக்னல் போய்விட்டது. தகரக் கூரை போட்ட வீடு. வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. ஏழுமலையின் அக்கா குப்பம்மாள் கோழியை விரட்டியபடி வந்தார். அதே மூக்கு, அதே நடை.

"யாரு, ஷார்ஜாவா?" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எந்தம்பி நல்லா கீறானா? வேளைக்கி சோறு துன்றானா?"

கல்யாணப்பெண் அஞ்சலை உள்ளேயிருந்து வந்து சிரித்தாள். சேலத்தில் நர்சிங் படிக்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள். அவளுடைய அப்பா சின்னையன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சக்திவேலையும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் பேரீச்சம்பழத்தையும் தைலத்தையும் டார்ச்சையும் கொடுத்துவிட்டு, கடைசியாகப் புடவையை எடுத்தேன்.

"இது உங்க தம்பி குடுத்தது. தாய்மாமன் புடவை."

குப்பம்மாள் கையை நீட்டவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் கட்டிக்கொண்டார். "இத எடுத்துக்கினு போயி அவங்கிட்டயே குடுத்துடும்மா."

எனக்குச் சுருக்கென்றது. "ஆசையா வாங்கினதும்மா. மூணு கடை ஏறி இறங்கி எடுத்தார்."

"எடுத்தான்ல? கொண்டாரட்டும். தாய்மாமன் பொடவைய தாய்மாமன்தான் கொண்டாரணும். ஆளுங்க கிட்ட குடுத்தனுப்ப இது இன்னா வெங்காய மூட்டையா?"

"அவரால வர முடியலையேம்மா. நீங்கதான் தையில தேதி வச்சிட்டீங்களே."

"எவன் வச்சான் தேதி?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"போன்ல ஒரே கத்து கத்தனாம்மா. எனக்காக நிறுத்தாத, தேதிய வையி, தேதிய வையின்னு. சரிடா, வச்சிட்டேன்னு வாய்ல வந்த ஒரு தேதிய சொன்னேன். அப்பவாச்சும் கம்முனு இருப்பான்னு. நாங்க எந்த தேதியும் வைக்கல. மாப்புள வூட்டுக்கும் தெரியும். அவன் என்னிக்கி வர்றானோ அன்னிக்கித்தான் கல்யாணம்."

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! "இதை அவர்கிட்ட சொல்லக் கூடாதா? அந்த மனுஷன் தன்னை விட்டுட்டு நடத்தறாங்கன்னு நினைச்சுக்கிட்டு கழுவின படிக்கட்டையே கழுவிக்கிட்டு இருக்கார்!"

குப்பம்மாளின் வாய் கோணியது. "சொன்னா எங்கனா கடன வாங்கிக்கினு ஓடியாருவாம்மா. எனக்குத் தெரியும் அவன."

சின்னையன் தொண்டையைக் கனைத்தார். அதுவரை அவர் பேசவே இல்லை. "ஏம்மா, உங்க ஏரோப்ளேன்ல என்னிக்கி எடம் கீது?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லையே! தேதிக்கு இருக்கை தேடித் தேடி மண்டை காய்ந்தேன். இருக்கைக்குத் தேதி வைக்கலாம் என்று ஒருவர் இவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறார். அவசரமாகச் செல்போனை எடுத்தேன். சிக்னல் இல்லாவிட்டாலும், காலையில் திறந்த மாசிப் பக்கம் திரையில் அப்படியே இருந்தது.

"மாசியில மூணு நாள் இருக்கு."

"அஞ்சல, காலண்டர எடு" என்றார் குப்பம்மாள்.

சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரே ஒரு தாள்தான் மிச்சம், அன்றைய தாள். எல்லோரும் அதைப் பார்த்துத் திகைத்து நின்றோம். அப்போது சக்திவேல் எழுந்தார். "வண்டியில புதுசு கீதுங்க" என்று போய் எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கும்போது கொஞ்சம் தயங்கினார். "பரவால்ல, கல்யாண காரியத்துக்குத்தான பிரிக்கிறோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிழித்தார்.

அஞ்சலை தரையில் உட்கார்ந்து தாள்களைத் தள்ளினாள். நான் பச்சை நாளைச் சொல்ல, அவள் படிக்க, குப்பம்மாள் தீர்ப்புச் சொன்னார்.

முதல் நாளைச் சொன்னேன்.

"தேய்பிறை" என்றாள் அஞ்சலை.

"வேணாம், அடுத்தது."

இரண்டாவதைச் சொன்னேன். "வளர்பிறைதான். ஆனா எனக்கு அந்த வாரம் பரீட்சம்மா."

"பரீட்சய தாலி கட்டிக்கினு எழுத முடியாதா?"

"முடியாது" என்றாள் பெண், அம்மா முகத்தைப் பார்க்காமல். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

மூன்றாவது நாள். "செவ்வாய்க்கிழமை" என்றேன்.

"செவ்வாக்கெழம கல்யாணமா? வாய கழுவும்மா!"

"கல்யாணம் இல்லம்மா, ஏரோப்ளேன் செவ்வாய். அடுத்த நாள் புதன்."

அஞ்சலை ஒரு தாளைத் தள்ளினாள். "வளர்பிறை. சுபமுகூர்த்த நாள்னு போட்டிருக்கும்மா."

குப்பம்மாள் மகளிடமிருந்து காலண்டரை வாங்கி, எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும், அந்தத் தாளைக் கையால் தடவினார். "ஏரோப்ளேனுக்கு செவ்வா ஆவுமா?" என்று கேட்டுவிட்டு, அவரே, "எந்தம்பி வர்றதுக்கு எந்த நாளா இருந்தா இன்னா" என்று மூக்கைச் சிந்தினார். சின்னையன், "மாப்புள வூட்டுக்கு நா இப்பவே போயி சொல்லிட்டு வந்துடறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

கல்யாணத் தேதியே வைத்துவிட்டார்கள், என்னிடம் இன்னும் பாயிண்ட் இல்லை. இன்றைக்குள் சேரவில்லை என்றால் பழைய பாயிண்ட்டும் போய்விடும். கிளம்புகிறேன் என்றால் விடுவார்களா? சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. பஞ்சு மாதிரி சோறு. என் பல் இந்தப் பயணத்தில் சந்தோஷப்பட்டது அந்த ஒரு வேளைதான். அவசரத்தில் ருசியை முழுசாக அனுபவிக்க முடியவில்லை என்பது இன்னும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. புடவைப் பை மறுபடியும் என் மடிக்கே வந்தது. புதுக் காலண்டர் அவர்கள் வீட்டுச் சுவரில் ஏறியது. சக்திவேல் அதைக் கேட்கவே இல்லை.

வெள்ளிமலைக்கு வந்ததும் வண்டியை ஓரங்கட்டினார். நான் கேட்பதற்கு முன்னால், "போடுங்க மேடம் ஆப்ல" என்றார்.

போட்டேன். அருகில் வண்டி இல்லை என்றது. வண்டிக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறேன்!

"எனக்கு நெட் தீந்துப்போச்சி மேடம்" என்று தலையைச் சொறிந்தார் சக்திவேல். என் செல்போனிலிருந்து அவருக்கு இணைப்புக் கொடுத்தேன். மறுபடி போட்டேன். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய செல்போனையே பார்த்தோம். அது வீறிட்டது. "வந்துடுச்சி! வந்துடுச்சி!" என்று கத்தினார், ஏதோ பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி. பிறகு முன்பின் தெரியாதவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு, "ஓ.டி.பி. சொல்லுங்க மேடம்" என்றார். சொன்னேன்.

"கமிஷன் போகுமே உங்களுக்கு?" என்றேன்.

"போனா போவுது. அந்தம்மா மூக்க சிந்தனத பாத்தீங்கல்ல."

பாதி மலையில் வளைவின் நடுவே மரவள்ளி ஏற்றிய லாரி ஒன்று மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. முன்னும் பின்னும் வண்டிகள். ஆளாளுக்கு இறங்கி யோசனை சொன்னார்கள். நான் இறங்கிப்போய், "கொஞ்சம் சீக்கிரம் எடுங்களேன்" என்று லாரிக்காரரிடம் கெஞ்சினேன். "எனக்கு மட்டும் இங்கியே குடித்தனம் நடத்தணும்னு ஆசையாம்மா?" என்றார் அவர். கடைசியில் சக்திவேலும் இன்னும் சிலரும் சேர்ந்து டயருக்குக் கல் கொடுத்து, இஞ்ச் இஞ்சாகத் திருப்பி எடுத்தார்கள்.

சாயங்காலம் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, சவாரி முடிந்தது என்று அழுத்தினார். என் கணக்கிலிருந்து பணம் போனது. பாயிண்ட் வரவில்லை. சில சமயம் உடனே வரும், சில சமயம் நாளாகும். டீக்கடையில் உட்கார்ந்து விரலால் திரையை இழுத்து இழுத்து விட்டேன். சக்திவேல் கிளம்பவில்லை. எதிரே நின்று, "வந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். ஒரு டீ குடித்தார். "இப்ப?" இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் பச்சையாகவே இருந்தது. எந்தப் புண்ணியவான் எப்போது வந்து அதைச் சிவப்பாக்குவானோ என்று அதையே காவல் காத்தேன். இத்தனை வருடம் பாயிண்ட் சேர்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட இப்படிச் சாமியை வேண்டிக்கொண்டதில்லை.

திரை ஒரு தடவை நடுங்கியது. எண் மாறியிருந்தது.

"வந்துடுச்சி" என்றேன். சக்திவேல் டீக்கடைக்காரரிடம், "வந்துடுச்சிங்க!" என்றார். அவர் என்ன ஏது என்று தெரியாமல் தலையாட்டினார். ஏழுமலையின் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் அடித்தேன். விரல் தவறி ஒரு தடவை தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன். டிக்கெட் உறுதியானது.

சென்னை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து ஷார்ஜாவுக்குப் போன் போட்டேன்.

"பொடவைய வாங்கிக்கினாங்களாக்கா?" முதல் கேள்வி அதுதான்.

"இல்லப்பா. வேணாம்னுட்டாங்க."

"சரிக்கா. வேற எதனா எடுத்திருப்பாங்க" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஏழுமலை, தாய்மாமன் கையால கொண்டாந்தாத்தான் வாங்குவாங்களாம். உனக்கு மாசியில செவ்வாய்க்கிழமை பிளைட். புதன்கிழமை கல்யாணம்."

"கல்யாணம் தையிலக்கா."

"தையில ஒரு கல்யாணமும் இல்ல. உன் வாயை அடைக்க உங்கக்கா சொன்ன பொய் அது. தேதியே வைக்கல. இன்னைக்குத்தான் வச்சோம், நீ வர்ற நாளைப் பாத்து."

"நாந்தான் நிறுத்தாதீங்கன்னு சொன்னேனேக்கா."

"சொன்னியாம். யாரும் கேக்கலையாம்."

வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "துட்டு போட்டு எடுத்தீங்களாக்கா?"

"இல்லப்பா. எல்லாம் ஒட்டினதுதான். கடைசியா ஒட்டினது உங்க மலையில."

செல்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போல. பக்கத்துக் கட்டடத்து வங்காளிக் காவலாளியைக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. "பாய்! எங்கக்கா கல்யாணத்த நிறுத்தி வச்சிருக்காங்க பாய்! எனக்காக நிறுத்தி வச்சிருக்காங்க!"

"க்யா?" என்றார் அந்த பாய். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

ஏழுமலை மறுபடியும் அதையே, இன்னும் சத்தமாக, தமிழிலேயே சொன்னார்.